சீல் வைத்த கம்ப்யூட்டர்

அந்தப் பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே கணவருடைய முகம் சரியில்லை. ஸ்கேலம்மா அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வண்டியில் கொண்டுவந்த களைப்பு என்றுதான் நினைத்திருப்பாள். அவரைச் சந்தேகப்பட்டுப் பழக்கமே இல்லையே அவளுக்கு!

ஸ்கேலம்மா என்பது கட்டட வரைபட ஆபீசில் அவளுக்குக் கிடைத்த பட்டம். மயிரிழை அளவு கோடு நகர்ந்திருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். "இந்தம்மா மாப்பிள்ளையைக்கூட ஸ்கேல் வெச்சு அளந்துதான் எடுத்திருப்பாங்க" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அளந்துதான் எடுத்தாள், பாவம்.

அப்பேர்ப்பட்டவள் வரைபடத்தில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று ஊரே சொன்னது. ஒரு மருத்துவமனையின் வாசலில் தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை. அதன் மேல்பக்கத்தில் பதினாறு மில்லிமீட்டர் கனத்தில் கம்பி போட வேண்டும். அச்சாகிப் போன தாளில் பன்னிரண்டு மில்லி என்று இருந்தது. கட்டியவர்கள் தாளில் இருந்ததைக் கட்டினார்கள். முட்டுப் பலகையை எடுத்த ஒன்பதாம் நாள் கூரை கீழே வந்தது. அடியில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

தாளின் மூலையில் ஸ்கேலம்மாவின் சுருக்கக் கையெழுத்து இருந்தது. ஆபீசின் முதலாளியான இன்ஜினியர், "என் கணக்கு நோட்டுல பதினாறுதான் இருக்கு. வரைஞ்சவங்க கவனக்குறைவு" என்று விசாரணையில் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வரைந்து முடித்துச் சரிபார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. பதினாறு போட்டதாகத்தான் நினைவு. ஆனால் திங்கட்கிழமை அச்செடுத்தபோது, சனிக்கிழமையே பார்த்தாயிற்றே என்று மறுபடி பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நினைவிருந்தது. அந்த ஒரு நினைவு போதாதா மனுஷியைக் கொல்ல?

"கம்ப்யூட்டர்ல பாத்துடலாம். நான் வரைஞ்சது அதுல இருக்கும்ல?" என்று அன்றைக்கே கேட்டாள். பார்க்க முடியவில்லை. கூரை விழுந்த மறுநாளே கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் செத்துப்போயிருந்தது. செத்துப்போயிற்று என்று பரிசோதித்துச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவளுடைய கணவர்தான். அந்த வட்டாரத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் டாக்டர் என்று பெயர். டாக்டரே உதட்டைப் பிதுக்கிய பிறகு யார் என்ன கேட்பார்கள்?

வேலை போனது பெரிதில்லை. அவள் அதன் பிறகு பென்சிலைத் தொடவேயில்லை. கடைக்குப் போனால் பாக்கிச் சில்லறையை மூன்று தடவை எண்ணுவாள். கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். தன் கண்ணையே நம்பாதவள் வேறு எதை நம்புவாள்? கணவரைத்தான் நம்பினாள். தூக்கத்தில் அலறி எழுந்தால் அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். "கை தவறிடுச்சு, விடும்மா. வேணும்னா பண்ணின?" என்பார். வருடத்துக்கு ஒருமுறை அவள் பெயிண்டரைப் பார்க்கப் போவாள். அவரும் கூடவே போவார். அவள் கைகூப்பி அழும்போது பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார். "அழாத தங்கச்சி, நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்று பெயிண்டர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். இருபத்தாறு வருடம் இப்படியே போயிற்று.

போன மாதம் இன்ஜினியர் இறந்தார். அவருடைய மகள் ஆபீசைக் காலி செய்யும்போது, சாமான் அறையில் போர்வை போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்து ஸ்கேலம்மாவுக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, நீங்க வேலை பார்த்த மெஷின். குப்பையில போட மனசு வரலை. வேணுமா?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கேலம்மா உடனே வேணும் என்றாள். இப்போதெல்லாம் செத்த டிஸ்க்கிலிருந்தும் ஏதேதோ எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். தான் பதினாறு போட்டோமா, பன்னிரண்டு போட்டோமா? சாவதற்குள் அது ஒன்று தெரிந்தால் போதும். பன்னிரண்டுதான் என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்து தொலைக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"இந்தக் குப்பைய எதுக்கும்மா எடுத்துட்டு வரச் சொன்னே?" என்றார் கணவர், மேசையில் இறக்கி வைத்தபோது.

"ஒரே ஒரு தடவ திறந்து பாருங்களேன்."

"நான் அப்பவே பாத்துச் சொன்னதுதானே?"

"எனக்காகப் பாருங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியாமல் திருப்புளியை எடுத்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து மூடினாலும், மூடி சேருகிற இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போடுவார். வேறு எவனாவது நோண்டிவிட்டுத் தன் தலையில் பழியைக் கட்டிவிடக் கூடாதாம். இந்த மெஷினிலும் அந்தச் சீல் இருந்தது. பழுத்துப்போயிருந்தாலும் கிழியவில்லை. கூரை விழுந்த மறுநாள் தேதி, அவருடைய சுழித்த கையெழுத்து. பிளேடால் அதை அவரே கீறினார்.

உள்ளே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. ஊதித் துடைத்து, திரையை இணைத்து, மின்சாரம் கொடுத்தார். டிஸ்க் சுழலத் தொடங்கும் ஓசை கேட்டது. பழைய மெஷின்கள் நம் செல்போன் மாதிரி இல்லை. தன்னிடம் எப்படிப்பட்ட டிஸ்க் இருக்கிறது என்பதை அவற்றுக்கு நாம்தான் மூன்று எண்களாகச் சொல்லித் தர வேண்டும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும்வரை அது நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் தினமும் காலையில் புதிதாகச் சொல்ல வேண்டும். இந்த மெஷினில் பேட்டரி அந்தக் காலத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக் கணவர் எண்களை அடித்தார்: ஆயிரத்துப் பத்து, பன்னிரண்டு, ஐம்பத்தைந்து. திரை யோசித்தது. பிறகு, டிஸ்க் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

"பாத்தியா? செத்தது செத்ததுதான்."

"செத்த டிஸ்க் சுத்துமா? சத்தம் கேக்குதே."

"சுத்தும்! உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

கத்திவிட்டார். அவர் கத்துகிற ஆளில்லை. அடுப்பில் பாத்திரம் கருகினாலும் சிரிக்கிற மனுஷன். கத்திய கையோடு பழைய சாமான் எடுப்பவருக்குப் போன் செய்து, நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார். ஸ்கேலம்மாவுக்கு முதன்முறையாக எங்கோ ஒரு கோடு நகர்ந்திருப்பது போல் பட்டது. நான் ஒரு பைத்தியம், அவரைப் போய் நினைக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் நடக்கப் போனார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஸ்கேலம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெஷினின் முன் உட்கார்ந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியாது. ஆனால் வரைபடம் படிக்கத் தெரியும். டிஸ்க்கின் மேலிருந்த சீட்டில், எண்களுக்குக் கீழே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு படம் இருந்தது. நேற்று அவர் எண்களைப் படித்தார், இந்தப் படத்தின் பக்கம் போகவேயில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். டிஸ்க்கின் பின்பக்கத்து ஊசிகளின் படம் அது. இரண்டு ஊசிகளைச் சேர்த்து மாட்டுகிற ஒரு குட்டிக் குல்லாய் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டியது. டிஸ்க் தனியாக இருந்தால் ஓர் இடம். இரண்டு டிஸ்க் இருந்து, இது இரண்டாவது என்றால் வேறோர் இடம்.

படத்தையும் டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கட்டி முடித்த வீட்டுக்குப் போய் வரைபடத்தோடு ஒப்பிடுகிற அதே பார்வை. குல்லாய் இரண்டாவது டிஸ்க்குக்கான இடத்தில் இருந்தது. இந்த மெஷினுக்குள் இருந்ததோ ஒரே ஒரு டிஸ்க். அண்ணன் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிற தம்பி மாதிரி, வராத முதல் டிஸ்க்குக்காக இது இத்தனை காலம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது!

மின்சாரத்தை அணைத்தாள். புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து குல்லாயைப் பிடுங்கினாள். அது இரண்டு தடவை நழுவி மேசையில் விழுந்தது. மூன்றாம் தடவை படத்தில் இருந்த இடத்தில் மாட்டினாள். மறுபடி மின்சாரம் கொடுத்து, அந்த மூன்று எண்களை அடித்தாள். சீட்டைப் பார்க்கவில்லை. ஒரு வருடம் தினமும் காலையில் அடித்த விரல்கள் அல்லவா?

டிஸ்க் டொக் டொக்கென்று இரண்டு தடவை தட்டியது. திரையில் ஹார்டு டிஸ்க் ஒன்று என்று வந்தது.

"அட கடவுளே!" என்று வாய்விட்டுச் சொன்னாள் ஸ்கேலம்மா. சந்தோஷம் ஒரு நொடிதான். அடுத்த நொடியே அந்தச் சீல் ஞாபகம் வந்தது. அதைப் போட்டவர் அவர். நேற்றுவரை அது கிழியாமல் இருந்தது. அப்படியென்றால் அந்தக் குல்லாயை மாற்றிய கை யாருடையது? நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மெஷின் அவளிடம் இன்றைய தேதி என்ன என்று கேட்டது. பேட்டரி இல்லாததால் அது ஒவ்வொரு நாளும் கேட்கும். பதில் சொல்லாமல் வெறுமனே பட்டனைத் தட்டினாலும் உள்ளே விட்டுவிடும். மூன்று எண்களைச் சொல்லாவிட்டால்தான் திறக்காது. தேதி போடாவிட்டால், 1980 ஜனவரி ஒன்று, நள்ளிரவு என்று தானே வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். ஸ்கேலம்மா ஒருநாளும் தேதி போடாமல் விட்டதில்லை. இன்ஜினியர் ஒருநாளும் போட்டதில்லை. அவர் அடித்த கடிதமெல்லாம் 1980-இல்தான் இருக்கும். "நம்ம ஐயாவுக்கு வயசே ஆகாது" என்று ஆபீசில் சிரிப்பார்கள்.

தேதியைப் போட்டுவிட்டு, மருத்துவமனைக் கோப்புகளின் பட்டியலைக் கேட்டாள். வாசல் கூரையின் பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. வரைகிற மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம். பழைய படத்தின் மேல் புதிதாகச் சேமித்தால், பழையதை அழித்துவிடாமல், பெயருக்குப் பின்னால் வேறு வால் ஒட்டி ஓரமாக வைக்கும். இன்ஜினியருக்கு அந்த விவரம் தெரிந்திருக்காது. பழையதன் தேதி அந்தச் சனிக்கிழமை, மாலை ஐந்தேகால். புதியதன் தேதி 1980 ஜனவரி ஒன்று, நள்ளிரவு தாண்டிப் பதினாலு நிமிடம். யாரோ மெஷினைப் போட்டு, தேதி சொல்லாமல் உள்ளே போய், பதினாலே நிமிடத்தில் எதையோ மாற்றிச் சேமித்திருக்கிறார்கள்.

முதலில் புதியதைத் திறந்தாள். மேல்கம்பி பன்னிரண்டு மில்லி. பிறகு பழையதன் வாலை மாற்றித் திறந்தாள். கோடு கோடாகக் கூரை வரைந்து வந்தது. அவள் கோடுகள்தான். கடைசியில் எழுத்துகள் வந்தன. மேல்கம்பி பதினாறு மில்லி.

பதினாறு. ஸ்கேலம்மா திரையில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "நான் போட்டேன். நான் சரியாத்தான் போட்டேன்" என்று மெஷினிடமே சொன்னாள். பிறகு அழுகை வந்தது. முதலில் வந்தது நிம்மதி அழுகை. அது பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. இன்ஜினியர் துரோகம் செய்தார், சரி. கம்பியில் மிச்சம் பிடிக்கப் பார்த்தார், கூரை விழுந்ததும் அவள் தலையில் கட்டிவிட்டார். அவர் யாரோ, முதலாளி. ஆனால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்?

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த கணவர் திரையைப் பார்த்தார், மேசையில் இருந்த இடுக்கியைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டிஸ்க் சாகலையே?" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். குல்லாய மாத்தினது யாரு?"

"இன்ஜினியர் டிஸ்க்க உடைச்சுப் போடச் சொன்னாரும்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான் மாட்டேன்னுட்டேன். உன் வேலை எல்லாம் அதுல இருக்கேன்னு மனசு கேக்கல. குல்லாய மட்டும் நகர்த்தி வெச்சுட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

"அவர்தான் கம்பி அளவ மாத்தினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவரே சொன்னாரு. கால்ல விழாத குறை. அவருக்கு லைசென்ஸ் போனா ஆபீசே போயிடும், அத்தன பேர் தெருவுல நிக்கணும்னாரு. உனக்கு வேலை போனா நான் இருக்கேன், நான் பாத்துக்குவேன்னு நெனச்சேன். எனக்குக் கடை வெக்க அவர் கட்டடத்துலயே இடம் கொடுத்தாரு. அந்தக் கடையிலதானே நாம..."

"அப்ப அந்தக் கடை அதுக்குக் கிடைச்சதா?"

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்லணும்? நீங்களே சொல்லிக் கொடுங்க."

அவர் கையைப் பிசைந்தார். பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம், ஆனால் மனுஷன் சொன்னார்: "நான் அழிக்கலியே. ஆதாரம் பத்திரமாத்தானே இருந்துச்சு?"

ஸ்கேலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பில்லை அது. "இத மாத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? ரிப்பேரே தெரியாத எனக்கு. ஒரு நிமிஷம். உங்களுக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. இருபத்தாறு வருஷத்துல அந்த அரை நிமிஷம் உங்களுக்குக் கிடைக்கலையா? நான் பைத்தியம் மாதிரி கதவ இழுத்து இழுத்துப் பாக்கறேனே, அப்பக்கூடவா தோணல? என் கண்ண நானே நம்பாமப் பண்ணிட்டு, கை தவறிடுச்சு விடும்மான்னீங்களே! எந்த வாயால சொன்னீங்க?"

"தினமும் சொல்லணும்னு நெனப்பேன். நாளாக ஆக, சொன்னா நீ என்ன விட்டுப் போயிடுவியோன்னு பயம். சத்தியமா."

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தன்னை இழக்கப் பயந்து தன்னையே இத்தனை வருடம் குற்றவாளியாக வைத்திருந்த அன்பை என்னவென்று சொல்வது? கெட்டவன் என்று திட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை.

"பெயிண்டர் அண்ணன் வீட்டுல, நான் கைகூப்பி நிக்கும்போது, நீங்க உக்காந்திருந்தீங்களே. ஒரு வருஷமில்ல, ரெண்டு வருஷமில்ல..."

வாசலில் பழைய சாமான்காரர் மணி அடித்தார். பதினொரு மணிக்குச் சொன்னால் முன்னாலேயே வருகிற ஆள். ஸ்கேலம்மா எழுந்து போய், "எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லப்பா" என்று அனுப்பிவிட்டு வந்தாள். கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்க்கவில்லை. அதை அவள் உணரக்கூட இல்லை. நேரே வந்து செல்போனை எடுத்துப் பெயிண்டரின் எண்ணை அழுத்தி, கணவரின் கையில் திணித்தாள்.

"சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க அவருக்கு."

"இப்பவா? ஏம்மா, இன்ஜினியர் போய்ச் சேந்துட்டாரு. இனிமே யாருக்கு என்ன..."

"எனக்கு. பேசுங்க."

மறுபக்கம் எடுத்துவிட்டார்கள். "யாரு, தங்கச்சி வீட்டுக்காரரா? என்ன திடீர்னு?" என்ற பெயிண்டரின் குரல் வெளியே கேட்டது. கணவர் வாயைத் திறந்தார். ஸ்கேலம்மா அவருக்கு எதிரே நின்று அந்த வாயையே பார்த்தாள். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவ்வளவு நடந்த பிறகும், இந்த ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குள் எங்கோ ஒரு மூலை கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே" என்றார் கணவர். "சும்மாதான். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு... ஆமாண்ணே. அவளும் நல்லாத்தான் இருக்கா." போனை வைத்துவிட்டார்.

ஸ்கேலம்மா கையை நீட்டினாள். அவர் போனைத் தந்தார். அதே எண்ணை மறுபடி அழுத்திவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான்தான். இப்ப அவர் சொன்னது பொய். உங்க கால் விஷயமாப் பேசணும். கொஞ்ச நேரம் ஆகும், வசதியா உக்காந்துக்கங்க" என்றாள். "இல்லண்ணே, நான் அழலை. அவரு இங்கதான் இருக்காரு. நான் பேசி முடிக்கற வரைக்கும் இருப்பாரு."

கணவர் எழப்போனவர், உட்கார்ந்தார்.